மாசியில் பூக்கும் தெரு

சுவரில் முதலில் பிள்ளையார் வந்தார். அவருக்குப் பக்கத்தில் முருகன். பிறகு வேளாங்கண்ணி மாதா. கடைசியாக மெக்கா. கொத்தனார் சவுரிமுத்து ஒவ்வொரு டைல்ஸின் முதுகிலும் சிமெண்ட் தடவி ஒட்டினார். மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, ஈரத்துணியால் சாமி முகத்தைத் துடைத்துவிட்டார்.

அந்தச் சுவருக்குக் கீழேதான் அங்காளம்மாள் மீன் விற்பாள். மாடம்பாக்கத்தில் பத்மாவதி அவென்யூ தொடங்கும் முனை அது. யாரும் வீடு கட்டாத மனையின் மதில். காலையில் அதன் நிழல் தெருவில் விழும். கோவளத்தில் ஏலம் எடுத்த மீனோடு பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கூடையை அங்கே இறக்கினால், கூடை காலியாகும்வரை நிழல் தாங்கும்.

அன்று அவள் வந்தபோது சவுரிமுத்து மாதாவின் கிரீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணா, கோயில் கட்றியா?”

“அசோசியேஷன்ல சொன்னாங்கக்கா. எவனும் இங்க ஒண்ணுக்குப் போவக் கூடாதாம்.”

“நான் குந்திக்கினு இருக்கறப்ப எவன் வந்து போனான் ஒண்ணுக்கு?”

சவுரிமுத்து திரும்பாமல் துணியைப் பிழிந்தார். பதில் பின்னாலிருந்து வந்தது.

“தெருவை அழகுபடுத்தறோம்மா.”

மதியழகன். நலச்சங்கச் செயலாளர். இன்சூரன்ஸ் கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கியவர். முனையிலிருந்து முதல் வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, வஞ்சிரத்தின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்து, நேற்றைய மீன் என்று சொல்லிப் பேரம் பேசி வாங்கிப் போகிறவர்.

“அழகு பண்ணு சார். நான் இன்னா பண்ணேன்? எடத்த டெய்லி கழுவி வுட்டுட்டுத்தான போறேன்.”

“நான் உன்னைப் போகச் சொல்லலையே. அங்க பாரு, பிள்ளையார் இருக்கார். முருகர் இருக்கார். அவங்க மூஞ்சிக்கு நேரா மீன் அறுப்பியா? உனக்கே நல்லா இருக்கா?”

அங்காளம்மாள் சுவரைப் பார்த்தாள். கிருத்திகை அன்று மீனைத் தொட்டு விற்பாளே தவிர வாயில் வைக்காதவள். முருகன் மயிலோடு புத்தம்புதிதாக நின்றார். செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடையைத் தூக்கக் குனிந்தாள்.

அவள் தூக்கும்வரை மதியழகன் பொறுக்கவில்லை. கையில் வைத்திருந்த பினாயில் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றினார். வெள்ளைத் தண்ணீர் கூடைக்கு அடியில் ஓடியது. கொஞ்சம் மேலே தெறித்தது. மேலாக அடுக்கியிருந்த கானாங்கெளுத்தியின் மேல் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன.

“நாத்தம் போகணும்ல?” என்றார். சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். மீனுக்கா, பினாயிலுக்கா என்று தெரியவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் இருந்து அங்காளம்மாளின் மகள் ஜெயப்ரியா இதைப் பார்த்தாள். அம்மா வந்த அதே பஸ்ஸில் வந்து இறங்கி, தாம்பரம் கல்லூரிக்கு அடுத்த பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். தாவரவியல் கடைசி வருஷம். மார்போடு ரெக்கார்ட் நோட்டு. யாரிடமும் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். சாலையைக் கடந்து போக நினைத்தாள். கால் வரவில்லை.

அம்மா கூடையோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். ஜெயப்ரியா தள்ளிப் பின்னால் போனாள். அம்மா மீனை அங்கே நாய்களுக்குக் கொட்டினாள். நாய்கள் ஓடி வந்தன, மோந்து பார்த்தன, போய்விட்டன.

அன்று இரவு அம்மா எதுவும் சொல்லவில்லை. ஜெயப்ரியாவும் கேட்கவில்லை. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆள் தன் வீட்டு வாசலில், தன் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைப் பொத்த வேண்டும். அந்தக் கைக்குட்டை கீழே இறங்கவே கூடாது. ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவிப் போனாள். நடந்து விற்பது வேறு, உட்கார்ந்து விற்பது வேறு. உட்கார இடம் இருந்தால்தான் அரிவாள்மணை போட முடியும். மாடம்பாக்கத்தில் யாரும் அறுக்காத மீனை வாங்க மாட்டார்கள். பாதிக் கூடை திரும்பி வந்தது. முழங்கால் இரண்டும் வீங்கின.

படிப்பு முடிந்ததும் ஜெயப்ரியாவுக்குச் செம்பாக்கத்தில் ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. டேனியல் என்பவர் நடத்தியது. செடிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும் விதை போட்டுக் கன்று எடுப்பதும் அவள் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு சித்திரை மாதம் மதியழகன் அங்கே வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே, சட்டைப்பையில் முக்கோணமாகத் தெரிந்த வெள்ளைக் கைக்குட்டையை அவள் பார்த்துவிட்டாள். மண் கலந்துகொண்டிருந்த கை நின்றது.

“மேடம், அவென்யூ ட்ரீஸ் வேணும். எங்க தெருவுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே ஹைட்ல வரணும். மாடு கடிக்கக் கூடாது. சீக்கிரம் வளரணும். புங்கன், வேம்புன்னு எல்லாத் தெருவுலயும் இருக்கிறது வேணாம். பாக்கறவன் நின்னு பாக்கணும். கொஞ்சம் ராயலா.”

அவள் தரையைப் பார்த்தாள். அவள் கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மரம் இருந்தது. நேரான தண்டு. குடைக்கம்பிகள் மாதிரி அடுக்கடுக்காக விரிந்த கிளைகள். விரல் விரித்த கைபோல இலை. அதைவிட அழகான மரம் அந்த வளாகத்தில் இல்லை. ஆனால் மாசி மாதம் அந்தப் பக்கத்து ஜன்னல்களைத் திறக்க மாட்டார்கள். மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேறு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

“ஒண்ணு இருக்கு சார்.”

“பேரு?”

“ஸ்டெர்குலியா ஃபெடிடா.”

“ஃபெடிடா!” அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். “வெளிநாட்டுக் கார் பேர் மாதிரி இருக்கு. தமிழ்ல என்ன?”

ஜெயப்ரியாவின் முகம் சிவந்தது. அந்த மரத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டையும் ஒரு ஆண் முன்னால் சொல்ல அவளால் முடியாது. அவள் நடிக்கவில்லை. உண்மையிலேயே நாக்கு எழவில்லை.

“தெரியலையா? பரவால்ல மேடம். போர்டுல லத்தீன் பேர்தான் போடப்போறோம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு போர்டு. தமிழ்ல போட்டா ஒரு மதிப்பு வராது. பூக்குமா?”

“பூக்கும் சார். செவப்பா, கொத்துக் கொத்தா. மாசியில.”

“வாசனை?”

“அடிக்கும் சார். தெருமுனை வரைக்கும்.”

“பிரமாதம். எப்பப் பூக்கும்?”

“அஞ்சாறு வருஷம் ஆகும். காத்துக்கிட்டு இருக்கணும்.”

“காத்துக்கிட்டு இருப்போம் மேடம். அவசரமா என்ன?”

“ஆமா சார்,” என்றாள். “காத்துக்கிட்டு இருப்போம்.”

அவர் போன பிறகு, தான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தோன்றியது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

விதைகளைக் கல்லூரி மரத்தடியிலிருந்தே பொறுக்கி வந்தாள். கறுப்புப் பாலித்தீன் பைகளில் அவளே போட்டாள். முளைத்ததில் வாடியவற்றைப் பிடுங்கி எறிந்தாள். மழைக்கு முன் கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன. எல்லாவற்றிலும் நேராக, தடிமனாக இருந்ததில் மட்டும் பைக்குச் சிவப்பு நூல் கட்டினாள்.

“இது நல்ல கன்னு சார். உங்க வாசல்ல வைங்க,” என்றாள்.

மதியழகன் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

நடுவிழா அன்று சங்கத்தார் எல்லோரும் பச்சைத் தொப்பி போட்டிருந்தார்களாம். அம்மா வந்து சொன்னாள். மைக், பந்தல், மோர். பொருளாளர் கஸ்தூரிரங்கன் குழியில் கால் வைத்து விழுந்துவிட்டாராம். கூண்டு வைத்தார்கள், போர்டு வைத்தார்கள்.

“ஃபோட்டோ புடிச்சானுங்க, போயிட்டானுங்க. தண்ணி ஊத்த ஒருத்தன் இல்ல. செடி வாடிக்கினு கீது,” என்றாள் அம்மா ஒரு மாதம் கழித்து. “நான்தான் ஊத்தறேன்.”

“நீ ஏம்மா ஊத்தற?”

“கூடைல ஐஸ் கரைஞ்ச தண்ணி சும்மாதான போவுது. மீன் தண்ணி செடிக்கு நல்லது.”

ஜெயப்ரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் தெருவுக்கு அம்மா தண்ணீர் ஊற்றுவதை நினைத்து முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, ஊற்றட்டும் என்று விட்டாள்.

மீன் தண்ணீரில் மரங்கள் வெறிபிடித்தது போல வளர்ந்தன. சுனாமி வந்த வருஷம் அவை முதல் மாடியைத் தொட்டிருந்தன. அந்தத் தை மாதம் முழுக்க யாரும் மீன் வாங்கவில்லை. கடல் மீன் எதைத் தின்றிருக்குமோ என்று பயந்தார்கள். அம்மா பழக்கத்தில் வெறும் கூடையோடு ஒரு நாள் பத்மாவதி அவென்யூ வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். மதியழகன் கேட்டைத் திறந்து, “இந்தப் பக்கம் வராதே, வியாதி வரும்,” என்றாராம். கைக்குட்டை மூக்கில் இருந்ததா என்று ஜெயப்ரியா கேட்டாள். அம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

ஒவ்வொரு மாசியிலும் அவள் ஷேர் ஆட்டோவில் அந்தத் தெருமுனை வரை போய்ப் பார்த்தாள். இலை உதிரும். கிளைகள் வெறுமையாக நிற்கும். பிறகு தளிர் வரும். மொட்டு வராது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். வாரத்துக்கு ஒருமுறை இலவசமாக வீட்டு வாசலில் போடும் பேட்டைப் பத்திரிகையில் மரங்களின் படம் வந்தது. மதியழகன் நடுவில் நின்று சிரித்தார். சுவரிலிருந்த சாமிகள் வெயிலில் வெளுத்தார்கள். பிள்ளையார் ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டார்.

சுனாமிக்குப் பிறகு மூன்றாவது மாசி. ஒரு சாயங்காலம் அம்மா வந்து கூடையை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா அப்படிச் சிரித்து ஜெயப்ரியா பார்த்ததில்லை.

“இன்னிக்கு அந்தத் தெருவுல ஒரே பேஜாரு. கக்கூஸ் டேங்க் லாரி நாலு வந்து நிக்குது.”

“ஏம்மா?”

“நாறுதாம். லோகநாயகி டீச்சர் இன்னா சொல்லுது, பக்கத்து வூட்டு ஐயரு டேங்க்தான் ஒடைஞ்சிடிச்சுன்னு. ஐயரு சொல்றாரு, ‘எங்காத்துல ரெண்டே பேர், எவ்ளோம்மா நாறும்?’னு. இவங்க ரெண்டு பேரும் சண்ட. அந்தாண்ட அந்த மதியழகன், மூடிய தொறந்து டார்ச் அடிச்சுப் பாக்கறான். குனிஞ்சுகினு. மூக்குல துணி.”

ஜெயப்ரியா எழுந்து நின்றாள்.

“மூக்குல துணியா?”

“கட்டிக்கினே கீறான். சாப்புடறப்பக் கூட அவுக்கறது இல்லியாம். அவன் வூட்டு வேலைக்காரி சொல்லுது.”

மறுநாள் அவள் போய்ப் பார்த்தாள். தெரு முழுக்க இலையில்லாத கிளைகளில் சிவப்புக் கொத்துகள். நிஜமாகவே அழகாக இருந்தது. ஈக்கள் மொய்த்தன. காற்று அடித்தபோது அந்த வாடை வந்தது. ஆய்வுக்கூடத்து ஜன்னலில் வந்த அதே வாடை. வீடுகளில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. யாரும் தலை நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. எல்லோரும் தரையில் தேடிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நூல் கட்டிய மரம்தான் எல்லாவற்றையும்விட உயரமாக, எல்லாவற்றையும்விடக் கனமாகப் பூத்திருந்தது. அதன் ஒரு கிளை மதியழகன் வீட்டுப் பால்கனிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் அங்கே நின்று ஆழமாக மூச்சை இழுத்தாள்.

அந்த வாரம்தான் தென்புறநகர்ச் சங்கங்களின் கூட்டமைப்பு ‘எழில் தெரு’ கேடயத்துக்குப் பார்வையிட வந்தது. மதியழகன் பல வருஷமாக எதிர்பார்த்த கேடயம். வாசலெல்லாம் கோலம் போட்டு, தெருவெங்கும் பன்னீர் தெளித்து வைத்திருந்தார்கள். வந்த மூன்று நடுவர்களும் இளநீரைக் கையில் வாங்கினார்கள், குடிக்கவில்லை. அவர்களில் வயதானவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். போர்டைப் படித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

“இந்த மரத்தை உங்களுக்கு யார் சார் குடுத்தாங்க?” என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை மதியழகன் நர்சரிக்கு வந்தார். டேனியல் இல்லை. மல்லிப் பதியன்களுக்கு நடுவில் ஜெயப்ரியா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மரம்மா குடுத்த? என்ன மரம் குடுத்த நீ?”

அவள் எழுந்தாள். குரல் வருமா என்று பயந்தாள். வந்தது. மெல்லியதாக, ஆனால் நிற்காமல் வந்தது.

“போர்டுல என்ன எழுதியிருக்கீங்க சார்?”

“நீ சொன்னதைத்தான் எழுதினேன்!”

“ஃபெடிடான்னா லத்தீன்ல நாத்தம் பிடிச்சதுன்னு அர்த்தம். இத்தனை வருஷமா உங்க வாசல்ல நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க.”



“தெரிஞ்சே குடுத்தியா?”

“வாசம் தெருமுனை வரைக்கும் அடிக்கும்னு சொன்னேனே சார்.”

“நான் உனக்கு என்ன பண்ணேன்? உன்னை எனக்கு யாருன்னே தெரியாது!”

“எனக்கு இல்ல சார். உங்க தெருமுனையில மதில் கிட்ட உக்காந்து மீன் வித்தாங்களே, அங்காளம்மா. அவங்க பொண்ணு நான்.”

அவர் புருவத்தைச் சுருக்கினார். யோசித்தார். அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நொடிக்காகத்தான் காத்திருந்தாள்.

“எந்த மீன்காரி?” என்றார் அவர்.

“பினாயில் ஊத்தினீங்க.”

“தெருவுக்கு டெய்லிதான் பினாயில் ஊத்தறோம். மீன்காரி நூறு பேர் வருவா. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? லூசா நீ? அப்பவே டேனியல் கிட்ட வாங்காம இருந்திருக்கணும். இரு, இன்னிக்கு எல்லாத்தையும் அறுத்துத் தள்ளிடறேன். சாயங்காலம் ஒரு குச்சி இருக்காது.”

மோட்டார் பைக் கிளம்பிப் போனது.

ஜெயப்ரியா பதியன்களுக்கு நடுவிலேயே நின்றாள். அவருக்கு ஞாபகமே இல்லை. சாயங்காலத்துக்குள் மரம் போய்விடும். நாளைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக் காப்பி குடிப்பார். தன்னை ஒரு பைத்தியக்காரப் பெண் ஏமாற்றிவிட்டாள் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்வார். அம்மாவின் பேர்கூட அதில் வராது.

கை கழுவாமல் சாலைக்கு ஓடினாள்.

ஷேர் ஆட்டோ ராஜகீழ்ப்பாக்கத்தில் நெரிசலில் நின்றது. பத்மாவதி அவென்யூவில் அவள் இறங்கியபோது மதியழகன் வீட்டு வாசலில் கூட்டம். மரத்தில் சாய்த்த ஏணி. ஏணியின் கீழே கையில் ரம்பத்தோடு சவுரிமுத்து. தெருவில் டைல்ஸ் ஒட்டுவதும் கிளை கழிப்பதும் அவர்தான்.

மரத்தின் இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதன் மேல் கையகலக் குங்குமம். வேப்பிலை செருகியிருந்தது. அடியில் ஒரு அகல், பாதி எரிந்து இன்னும் புகையும் கற்பூரம், அறுத்த எலுமிச்சம்பழம். அகலுக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். தலையில் கூடை.

“துணியை அவுத்துப் போட்டுட்டு வெட்டுய்யா!” மதியழகன் கைக்குட்டைக்குள் கத்தினார்.

“நீங்க அவுத்துக் குடுங்க சார், நான் வெட்டறேன்,” என்றார் சவுரிமுத்து.

“நீ கிறிஸ்டியன்தானேய்யா? உனக்கு என்ன பயம்?”

“நான் மாதா கோயிலுக்குத்தான் சார் போறேன். அதுக்குன்னு மஞ்சத்துணி கட்டினதுல ரம்பம் வெப்பனா? நமக்கும் புள்ள குட்டி கீது.”

“யார் கட்டினது இதை?”

“நான்தான் சார்,” என்றாள் அங்காளம்மாள். “மாசி அமாவாசைக்கு. அங்காளம்மன் எறங்கிக் கீறா இதுல.”

“இது நர்சரியில வாங்கின மரம்! சாமியா இது? நாறுது, தெரியலையா?”

“நாறும் சார். சுடுகாட்டு அம்மா அவ. மாசியில வந்தா மல்லிப்பூ வாசனையாவா வருவா?”

லோகநாயகி டீச்சர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள்.

“டீச்சர், நீங்க சயின்ஸ் டீச்சர்!” என்றார் மதியழகன்.

“அது ஸ்கூல்ல சார். வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு. வேணாம்.”

கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமினார். “மூணு வாரத்துல பூ உதிர்ந்துடும்னு கேடயத்துக்கு வந்த அந்தப் பெரியவர் ஃபோன்ல சொன்னாராம். பொறுத்துக்கலாம் சார். எங்க பக்கம் அவ்வளவா தெரியலை. உங்க வாசல்லதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“கடையில வாங்கின மரத்துல துணியைச் சுத்திட்டா சாமியாயிடுமா?” மதியழகனின் குரல் உடைந்தது.

“டைல்ஸும் கடையில வாங்கினதுதான சார்?” என்றாள் அங்காளம்மாள்.

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. மதியழகன் திரும்பினார். அன்று முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தொடர்ந்து முனையிலிருந்த சுவரைப் பார்த்தார். வெளுத்த பிள்ளையாரை, முருகனை. மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு அவள் தலையிலிருந்த கூடையை.

“நீ...” என்றார்.

“நான்தான். அவங்க மூஞ்சிக்கு நேரா மீன் அறுப்பியா, உனக்கே நல்லா இருக்கான்னு கேட்ட. நான் ஒரு வார்த்த பேசல. கும்புட்டுட்டு கெளம்பிட்டேன். இப்ப நீ சொல்லு சார். அம்மா மூஞ்சிக்கு நேரா ரம்பம் வெப்பியா? உனக்கே நல்லா கீதா?”

சவுரிமுத்து ஏணியை மரத்திலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

“சாமி ஒட்டினதும் நான்தான் சார்,” என்றார் போகும்போது. “அதுக்கே இன்னும் மனசு கேக்கல.”

கூட்டம் கலைந்தது. அங்காளம்மாள் கூடையை இறக்கினாள். மரத்தடியில், மதியழகன் வீட்டு கேட்டுக்கு நேராக, சாக்கை விரித்தாள். அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள்.

“இங்க என்ன பண்ற?” என்றார் மதியழகன்.

“ஏவாரம்.”

“சாமி இருக்குன்னு நீதானே சொன்ன?”

“இவ அங்காளம்மன் சார். கருவாடே படையல் வெப்போம் இவளுக்கு. மீன் ஆவும்.”

எதிர்ப்பக்கம் நின்று ஜெயப்ரியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பஸ் ஸ்டாப். ஒரு தண்ணீர் லாரி போகும்வரை நின்றாள். பிறகு சாலையைக் கடந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். மதியழகன் அவளைப் பார்த்தார். அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வேலைக்குப் போவல?” என்றாள் அம்மா நிமிராமல்.

“இந்த மரம் எது, என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“பீநாறி. எங்க ஊருல பழைய பங்களா பின்னாடி ஒண்ணு இருந்துச்சு. செடி வெச்ச அன்னிக்கே எலையப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சு.” அம்மா ஒரு சங்கராவை எடுத்து வால் பக்கமிருந்து செதிலைச் சுரண்டினாள். “எவளோ ஒரு புண்ணியவதி வித்துட்டாடா இவனுக்குன்னு நெனச்சுகினேன். வாடிடக் கூடாதேன்னுதான் தண்ணி ஊத்தினேன்.”

ஜெயப்ரியா குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். அம்மாவின் கை நின்றது. மகளின் விரல் நகங்களில் இருந்த நர்சரி மண்ணைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

“அடிப்பாவி,” என்றாள் மெதுவாக. “வாயே தொறக்கல நீ.”

“நீயும்தான்.”

அம்மா மீனை அவள் பக்கம் தள்ளினாள். “செதில எடு. கைய பாத்து.”

பால்கனிக் கிளையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து கேட்டின் மேல் விழுந்தது. மதியழகன் இன்னும் அங்கேயேதான் நின்றார். உள்ளே போகவும் முடியவில்லை, வீட்டுக்குள் நாற்றம் இன்னும் ஜாஸ்தி.

“சங்கரா நல்லா கீது சார்,” என்றாள் அங்காளம்மாள். “செவுளத் தூக்கிப் பாக்கறியா?”

ஜெயப்ரியா தலை நிமிர்ந்து அவரை நேராகப் பார்த்தாள். கைக்குட்டை மூக்கில்தான் இருந்தது. பூ உதிர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு அடுத்த மாசி இருந்தது.